பலாலி விமானம் நிற்காமல் இருக்க வன்னி என்ன செய்யலாம்? கையில் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்

வன்னியில் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆட்கள் வவுனியாவையும் இரணைமடுவையும் சொல்வார்கள். இரண்டும் விமானப்படையின் கையில் இருப்பவை, அங்கே டிக்கெட் எடுத்து யாரும் ஏற முடியாது. காசு கொடுத்து ஏறிப் போகக்கூடிய, எங்களுக்குக் கிட்டிய இடம் யாழ்ப்பாணத்துப் பலாலிதான். கிளிநொச்சியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் போகலாம். வவுனியாவிலிருந்து பார்த்தாலும் கட்டுநாயக்காவை விடப் பலாலிதான் கிட்ட. அப்படியிருந்தும் பலாலி பற்றிய பேச்சு வந்தால் அது யாழ்ப்பாணத்தாரின் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் நின்றது. அது நியாயம். ஆனால் கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் பயணிகளுக்கு மறுபடி திறந்துவிட்டது. பலாலிக்கு விமானம் திரும்பி வந்தது 2022 டிசம்பர் 12 அன்று. இடையில் இருக்கும் அந்த இரண்டு வருடத்தை நோயின் தலையில் மட்டும் கட்ட முடியாது. பொருளாதார நெருக்கடியும் இருந்தது, விமான நிறுவனத்தின் கணக்கும் இருந்தது. ஆனால் "இந்தச் சேவை எங்களுக்கு வேண்டும், இத்தனை பேர் இத்தனை தரம் போவோம்" என்று எண்ணிக்கையோடு போய் நின்று கேட்ட ஒரு அமைப்பும் வன்னிப் பக்கம் இருக்கவில்லை. சிறிய விமான நிலையங்களை யாரும் பூட்டுப் போட்டு மூடுவதில்லை. சேவை ஒன்று நிற்கும், பிறகு ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், அப்புறம் கட்டடம் மட்டும் இருக்கும். காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பலும் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்று 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது.

இப்போது இண்டிகோ 2024 செப்டெம்பரிலிருந்து சென்னைக்கும், 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் பறக்கிறது. திருச்சிச் சேவை வன்னிக்கு மிக முக்கியமானது. மன்னார்க் கரையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் போய் அகதி முகாம்களில் வாழ்கிறவர்களின் சொந்தங்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். வைத்தியத்துக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு உடுப்பு எடுக்கப் போகிறவர்கள், கோயில் யாத்திரைக்காரர் என்று பார்த்தால் எங்களுக்குத் தேவை இருக்கிறது. அது கணக்கில் ஏறவில்லை என்பதுதான் குறை.

சரி, ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம்? என் கண்ணுக்குத் தெரிவது ஐந்து வழி. எல்லாம் உலகத்தில் எங்கோ ஒரு இடத்தில் செய்து பார்க்கப்பட்டவை.

முதலாவது எங்களுக்கு நன்றாகப் பழகியது: மகஜர், கவனயீர்ப்பு, அரசியல்வாதியிடம் போவது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 இல் விமானப்படை முகாமுக்கு முன்னால் ஒரு மாதம் இரவு பகலாக இருந்துதான் காணியைத் திரும்ப எடுத்தார்கள். காணி விஷயத்தில் இந்த வழி வேலை செய்யும், ஏனென்றால் அங்கே முடிவெடுப்பது அரசு, அரசை வெட்கப்படுத்தலாம். ஆனால் விமானம் பறப்பதா நிற்பதா என்று முடிவெடுப்பது ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம். இருக்கை வெறுமையாகப் போனால் எத்தனை கையெழுத்து வைத்தாலும் அது நிற்கும்.

இதில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் ஏரிக்கரையில் மெய்க்ஸ் ஃபீல்ட் என்று ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. அதைக் காப்பாற்றச் சங்கம் வைத்துப் பல வருடம் பிரசாரம் செய்தார்கள். 2003 மார்ச் 30 இரவு நகர மேயர் புல்டோசரை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய சிலுவைக் குறியாகக் கிண்டிவிட்டார். விடிந்தபோது விமானங்கள் அங்கேயே மாட்டிக் கிடந்தன. அதற்காக நகரசபைக்கு விதிக்கப்பட்ட தண்டம் 33,000 டொலர், அவ்வளவுதான். அந்த நாட்டில் மத்திய அரசின் மானியம் எடுத்துத் திருத்திய விமான நிலையத்தைப் பொதுவாக 20 வருடம் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. மெய்க்ஸ் ஃபீல்டில் அந்தப் பிடி தளர்ந்த பிறகு மக்களின் ஆதரவு மட்டும் போதவில்லை. பலாலியைத் திருத்த யார் உதவி கொடுத்தாலும், அது இந்தியாவாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், இத்தனை வருடம் பயணிகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்க வேண்டும். மகஜர் எழுதுவதென்றால் இப்படி ஒரு வரிக்காக எழுதுங்கள். "விமான நிலையத்தை அபிவிருத்தி செய்" என்று பொதுவாக எழுதினால் யாரும் எதையும் செய்யத் தேவையில்லை.

இரண்டாவது வழி, பங்கு வாங்குவது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் காசு போட்டால் எல்லாம் நடக்கும் என்று சொல்கிறவர்கள் கொச்சினைக் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான். கேரளத்தில் 1994 இல் கம்பனி தொடங்கி, 30 நாடுகளில் இருந்த ஏறத்தாழ 10,000 மலையாளிகள் பங்கு போட்டு, 1999 மே மாதம் விமான நிலையத்தைத் திறந்தார்கள். இன்றைக்கு அது முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. காணி கொடுத்த குடும்பங்களுக்கு மாற்றுக் காணியும் வேலையும் டாக்ஸி அனுமதியும் கொடுத்தார்கள், இது நாங்கள் குறித்து வைத்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: தொடக்கத்தில் வெளிநாட்டுக்காரரிடம் ஆளுக்குக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தபோது எதிர்பார்த்ததில் சிறு துளிதான் வந்தது. மாநில அரசு பெரிய பங்குக்காரராக முன்னால் நின்று, சட்டப்படி கம்பனி பதிந்து, பங்குப் பத்திரம் கொடுத்த பிறகுதான் காசு இறங்கியது.

எங்களுக்கு அந்த வழி இப்போது சரிவராது என்றே நினைக்கிறேன். பலாலி அரசின் சொத்து, பங்கு விற்பனைக்கு இல்லை. கேரளத்துக்கு முன்னால் நின்ற மாதிரி எங்களுக்கு முன்னால் நிற்க ஒரு மாகாண அரசும் அந்தப் பலத்தோடு இல்லை. அதோடு, வன்னியின் பெயரால் வெளிநாடுகளில் சேர்த்த காசு எங்கே போனது என்ற கேள்வி இன்னும் பல வீடுகளில் ஆறாமல் இருக்கிறது. கணக்குக் காட்டும் அமைப்பு ஒன்று உருவாகும் முன் மறுபடியும் கை நீட்டினால் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். தூக்கி எறியச் சொல்லவில்லை, பத்து வருடம் தள்ளி வையுங்கள் என்கிறேன்.

மூன்றாவதாக, அரசு மானியம். இந்தியாவில் உடான் திட்டம் என்று 2016 இல் தொடங்கினார்கள், சிறிய ஊருக்குப் பறக்கும் நிறுவனத்துக்கு நட்டத்தை ஈடுகட்ட மூன்று வருடம் காசு கொடுப்பார்கள். சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021 இல் நின்றது, 2023 ஒக்டோபரில்தான் மறுபடி விமானம் இறங்கியது. மானியம் இருக்கும்வரை விமானம் இருக்கும், ஊருக்கும் விமானத்துக்கும் வேறு பிணைப்பு இல்லையென்றால் அதற்குப் பிறகு இருக்காது. எங்கள் நாட்டின் தெற்கில் இருக்கும் மத்தளையோ இதைவிடப் பெரிய பாடம். 2013 மார்ச்சில் திறந்த அந்தப் பெரிய நிலையத்தில் 2015 இல் ஸ்ரீலங்கன் தன் சேவையை எடுத்தது, அங்கிருந்த களஞ்சியத்தில் நெல் சேமித்தார்கள். கமம் செய்கிற எங்களுக்கு நெல்லின் அருமை தெரியும். அதை அடுக்க ஒரு சர்வதேச விமான நிலையம் தேவையில்லை. அந்த ஊர் மக்களிடம் யாரும் எத்தனை பேர் பறப்பீர்கள் என்று கேட்காமல் கட்டியதன் விளைவு அது.

நான்காவது வழியில்தான் எனக்கு நம்பிக்கை. ஜப்பானில் இஷிகாவா மாகாணத்தில் நோட்டோ என்று ஒரு தீபகற்பம். இளம் ஆட்கள் ஊரை விட்டுப் போய், வயதானவர்கள் மிஞ்சிய மீன்பிடிக் கிராமங்கள். 2003 ஜூலை 7 அன்று அங்கே ஒரு விமான நிலையம் திறந்தார்கள். டோக்கியோவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் பறக்க ஏஎன்ஏ என்ற விமான நிறுவனத்தைக் கூப்பிட்டபோது, ஆள் வராது என்று அந்த நிறுவனத்துக்குப் பயம். அப்போது மாகாணம் ஒரு ஒப்பந்தம் போட்டது: வருடச் சராசரியில் நூற்றுக்கு 70 இருக்கை நிறையும், அதற்குக் குறைந்தால் நாங்கள் 20 கோடி யென் வரை நட்டஈடு தருகிறோம், கூடினால் நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும். முதல் வருடம் நிறைந்தது 79.5 வீதம். நிறுவனம் மாகாணத்துக்கு 9 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல் கொடுத்தது!

இது எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். காசு கட்ட வேண்டி வரும் என்ற பயம் சுற்றியிருந்த நகரசபைகளையும் ஊர்களையும் அசைத்தது. விமான நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடும் பங்கு டாக்ஸி ஒழுங்கு செய்தார்கள். டேர்மினல் கட்டடத்துக்குள்ளேயே மாகாண அரசின் அலுவலகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள், உள்ளூர்ப் பொருள் விற்கும் கடையும் அங்கேயே. பக்கத்தில் விமானம் பற்றிப் படிப்பிக்கும் கல்லூரி ஒன்று வந்தது. ஆக ஒரு நாளைக்கு இரண்டே விமானம் வரும் இடத்தில் காலையிலிருந்து மாலை வரை ஆள் நடமாட்டம் இருந்தது. 2024 ஜனவரி முதலாம் தேதி அங்கே பெரிய நிலநடுக்கம் வந்து ஓடுபாதை வெடித்தது, வீதிகளும் உடைந்தன. பயணிகள் விமானம் ஜனவரி 27 அன்றே திரும்பியது. ஊரார் இருபது வருடமாகத் தங்களுடையது என்று வைத்திருந்த இடம், ஆபத்து நேரத்தில் அவர்களுக்கு உதவியது.

எங்களுக்கு இதை எப்படிப் பொருத்துவது? மாகாணம் பொறுப்பெடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சிறிதாகத் தொடங்கலாம். பலாலிக்கு வரும் ஏடிஆர் விமானத்தில் எழுபது சொச்சம் இருக்கை. ஒரு விமானத்துக்குப் பத்து இருக்கை வன்னியின் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு விமானம் என்றால் வாரத்துக்கு எழுபது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று நான்கு மாவட்டத்துக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்குப் பதினேழு, பதினெட்டு. வர்த்தகர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில் சபை, பங்குச் சபை, பழைய மாணவர் சங்கம் எல்லாம் பகிர்ந்தால் இது பெரிய சுமை இல்லை. ஊரில் சீட்டுப் பிடிப்பது போலத்தான்: ஒவ்வொரு சங்கமும் தன் மாதத்துக்குரிய இருக்கையை முன்கூட்டியே எடுக்கும், தன் ஆள் போகாவிட்டால் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும், யாரும் எடுக்காமல் போன இருக்கையின் காசைப் பொதுவில் சேர்த்த வைப்பிலிருந்து கட்டும். வைப்பு வங்கியில் மூன்று பேர் கையெழுத்தில் இருக்க வேண்டும், மாதாமாதம் கணக்கு எல்லாச் சங்கத்துக்கும் போக வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்பதென்றால் நன்கொடை கேட்காமல் இந்த வைப்புக்குப் பிணை நிற்கச் சொல்லிக் கேட்கலாம். செலவாகாவிட்டால் அவர்களின் காசு அப்படியே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. சின்ன விமானத்தில் பொதி எடை குறைவாகத்தான் விடுவார்கள், கனடாவிலிருந்து நாலு சூட்கேஸோடு வருகிற குடும்பத்துக்கு இது ஒத்துவராது. அவர்கள் கட்டுநாயக்காவில்தான் இறங்குவார்கள், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. சங்கங்களுக்குள் கட்சி அரசியல் புகுந்தால் கணக்கு குழம்பும். வாக்குக் கொடுத்துவிட்டு இருக்கை எடுக்காத சங்கத்தை என்ன செய்வது என்பதை முதலே எழுதி வைக்காவிட்டால் இரண்டாம் மாதமே சண்டை. அதோடு பலாலியிலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் விமான நேரத்துக்குப் பொருந்தும் பங்கு வான் இல்லாமல் இது ஓடாது. தனி வான் பிடித்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது வான் கூலியில் போய்விடும்.

ஐந்தாவது வழியும் ஒன்று உண்டு, காசே தேவைப்படாதது. அமெரிக்காவில் விமான உரிமையாளர்கள், விமானிகளின் சங்கம் 1997 இலிருந்து ஒவ்வொரு சிறிய விமான நிலையத்துக்கும் உள்ளூரில் ஒரு தொண்டரை நியமித்து வருகிறது. அவரின் வேலை, உள்ளூராட்சிக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பது, கூட்டத்துக்குப் போவது, காணி பற்றியோ கட்டடம் பற்றியோ ஒரு வரி வந்தால் உடனே எல்லாருக்கும் சொல்வது. பெரும்பாலான மூடல்கள் யாரும் போகாத கூட்டத்தில் ஒரு சின்னத் தீர்மானமாகத்தான் தொடங்குகின்றன. எங்களிடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் இருக்கிறது, பிரதேச சபை இருக்கிறது. நான்கு மாவட்டத்துக்கும் நாலு ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கச்சேரியில் வேலை செய்து ஓய்வெடுத்தவர் மாதிரி ஒருவர் போதும். இதை நாளைக்கே தொடங்கலாம், நான்காவது வழியின் கணக்கைப் பார்க்கவும் இதே ஆட்கள் தேவைப்படுவார்கள்.

அப்போ வவுனியாவையும் இரணைமடுவையும் பயணிகளுக்குத் திறக்கக் கேட்டால் என்ன என்று சிலர் சொல்கிறார்கள். ஆசை புரிகிறது. வவுனியா ஓடுபாதை உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் போட்டது, இரணைமடு 2009 ஜனவரியில் இராணுவம் பிடித்தது, இரண்டும் இடத்தைப் பொறுத்தவரை நல்ல இடம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நினைத்தால், பக்கத்தில் ஒரு ஓடுபாதை பொதுமக்களின் பாவனைக்கு இருப்பது நல்லதுதான். ஆனால் இப்போது கேட்பதற்கு நான் எதிர். காரணம் காணி. பலாலியைச் சுற்றி 1990 இல் துரத்தப்பட்ட மக்களின் காணியில் 6,381 ஏக்கரை எடுக்க 2013 இல் அறிவித்தல் ஒட்டினார்கள். 2025 மார்ச்சில் வடக்கில் 5,940 ஏக்கருக்கு வர்த்தமானி வந்தது, அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அதை விட்டார்கள். இந்த நிலையில் புதிய நிலையம் என்று நாங்களே வாய் திறந்து கேட்டால், விரிவாக்கம் என்று எந்த வேலி எவ்வளவு தூரம் நகரும் என்பது எங்கள் கையில் இருக்காது. பறக்கிற விமானமே நிறையாதபோது இரண்டாவது நிலையம் இரண்டையும் பலவீனமாக்கும்.

பலாலிக்கும் இதே நிபந்தனையைத்தான் சொல்வேன். வலிகாமம் வடக்கு மக்களுக்குத் தங்கள் காணி இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. வன்னியில் இருந்து இருக்கை உத்தரவாதம் கொடுக்கப் போகிறோம் என்றால், ஒப்பந்தப் பேச்சில் முதலாவது வரி அவர்களுடையதாக இருக்க வேண்டும்: விமானப் போக்குவரத்துக்கு உண்மையில் தேவையான எல்லையை வரைபடத்தில் காட்டு, மிச்சத்தை உறுதி வைத்திருப்பவருக்குக் கொடு. தன் வளவை வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிற ஒருவரிடம் அந்த விமான நிலையத்தைக் காப்பாற்ற வா என்று எந்த முகத்தோடு கேட்பது? அவர்கள் பக்கத்தில் நின்றால்தான் எங்கள் கோரிக்கைக்கும் பலம்.

ஆக என் தெரிவு, ஐந்தாவதை உடனே தொடங்கி, நான்காவதை ஒரு வருடத்துக்குச் செய்து பார்ப்பது. மகஜரை அந்த ஒப்பந்த வரிக்கும் காணிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் காலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டுக்கு உத்தரவாதம் கொடுப்பது வீண். நல்லூர், மடு என்று திருவிழாக்களும் வெளிநாட்டு விடுமுறையும் சேர்ந்து வரும் மாதம், விமானம் தானாக நிறையும். வெறுமையாக இருக்கக்கூடியது மழைக் காலம், ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த நேரம் கமக்காரர் காலபோக விதைப்பில் நிற்பார்கள், அவர்களிடம் இருக்கை எடுக்கச் சொல்ல முடியாது. அவர்களின் பங்கை மாசி, பங்குனியில் அறுவடைக் காசு கையில் வந்த பிறகு வைக்கலாம். ஒக்டோபர் மாதத்துக்குப் போக வேண்டியவர்கள் தீபாவளிக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் சரக்கு எடுக்கச் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற துணிக்கடைக்காரர்கள். அவர்களில் பலர் இன்றைக்கும் கொழும்பு போய்த்தான் பறக்கிறார்கள். வவுனியா, கிளிநொச்சி வர்த்தகர் சங்கங்களிடம் முதலில் போய் இருந்து, அந்த மூன்று மாதத்துக்கு எத்தனை இருக்கை எடுப்பீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளோடு விமான நிறுவனத்திடம் போகலாம்.